புனித தாமஸ் அக்குவினாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்கில் பெரிய பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கும்போது இந்தப் புனிதரின் பெயர் எப்படியாவது வந்துவிடும். ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் இரண்டு கேட்பார். அப்படிச் சேர்ந்த கேள்விகளே இவை. இவரைப் பற்றிக் கேள்வி பதிலாக எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இவர் எழுதிய மிகப் பெரிய நூலே கேள்வி பதில்தான்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்த சாமிநாதர் சபைத் துறவி. ஏறத்தாழ 1225-இல் பிறந்து 1274 மார்ச் 7 அன்று இறந்தார். ஐம்பது வயதைத் தொடவில்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக இருந்தார். 1323-இல் புனிதராகவும், 1567-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும், அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசிரியராகவும் அறிவிக்கப்பட்டார். தோமினிக்கன் சபை என்று இன்று பலரும் சொல்வது சாமிநாதர் சபையைத்தான். புனித சாமிநாதர் தொடங்கிய அந்தச் சபைக்குத் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் 1216-இல் ஒப்புதல் தந்தார். வெள்ளை அங்கி, அதன்மேல் கறுப்பு மேலாடை, சொத்து இல்லாத வாழ்க்கை, மறையுரை ஆற்றுவதே பணி. தாமஸ் அதில் சேர்ந்தபோது சபைக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

பரங்கிமலையில் மறைச்சாட்சியான புனித தோமாவும் இவரும் ஒருவரா?

இல்லை. சாந்தோம் பேராலயத்திலும் பரங்கிமலையிலும் நாம் வணங்குவது இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான திருத்தூதர் தோமாவை. அவர் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இவர் அவருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் பிற்பட்டவர், இந்தியாவுக்கு வந்ததில்லை. பெயர் மட்டும் ஒன்று. தமிழில் தோமா அக்குவினா, தாமஸ் அக்குவைனஸ் என்று பலவாறு எழுதுவதாலும் குழப்பம் வருகிறது. அக்குவினாஸ் என்பது 'அக்குவினோ ஊரைச் சேர்ந்தவர்' என்று பொருள்படும் குடும்ப அடையாளம்.

எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தார்?

ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே, மலைமேல் இருந்த ரொக்கசேக்கா கோட்டையில் பிறந்தார். தந்தை லாண்டுல்ஃப், தாய் தியோடோரா. பேரரசர் இரண்டாம் ஃபிரடரிக்கின் பக்கம் நின்ற பிரபுக் குடும்பம். அண்ணன்மார் போர்வீரர்கள். கடைக்குட்டி மகனைத் திருச்சபைக்குக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். ஐந்து வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் அருகிலிருந்த மொந்தே கசீனோ மடத்தில் விட்டார்கள். புனித பெனடிக்ட் நிறுவிய புகழ்பெற்ற மடம் அது, நிலபுலன்களும் செல்வாக்கும் உள்ளது. ஒருநாள் மகன் அதன் மடாதிபதி ஆவான் என்பது பெற்றோரின் கணக்கு. அங்கே சிறுவன் ஆசிரியர்களிடம் "கடவுள் என்றால் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1239-இல் பேரரசருக்கும் திருத்தந்தைக்கும் பகை முற்றி, படைகள் மடத்துக்குள் புகுந்தன. பதினான்கு வயதுத் தாமஸ் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். வாழ்க்கை திசைமாறியது அங்கேதான். அரிஸ்டாட்டிலை அங்கே படித்தார். கந்தல் அங்கியோடு தெருவில் மறையுரை ஆற்றிய சாமிநாதர் சபைத் துறவிகளையும் அங்கேதான் கண்டார்.

வீட்டாரே அவரைச் சிறைவைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1244-இல் அவர் சாமிநாதர் சபையின் அங்கியை அணிந்துகொண்டார். மடாதிபதி ஆக வேண்டிய மகன் வீடு வீடாகக் கையேந்தும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று கேட்ட தாய்க்குப் பொறுக்கவில்லை. தந்தை அதற்குள் காலமாகிவிட்டார். தாய் மகனைத் தேடி நேப்பிள்ஸுக்குப் போனார், அங்கிருந்து ரோமுக்குப் போனார். துறவிகளோ அவரை வடக்கே பாரிஸுக்கு அனுப்பிவிட முயன்றார்கள். சபைத் தலைவரோடு அவர் பயணம் செய்துகொண்டிருந்தபோது, ரோமுக்கு வடக்கே அக்குவபெந்தேந்தே ஊர் அருகே வழிமறித்துப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் வேறு யாருமில்லை, பேரரசரின் படையில் இருந்த உடன்பிறந்த அண்ணன் ரினால்டோவும் ஆட்களும்தான். அங்கியைப் பிடித்து இழுத்துக் கழற்றப் பார்த்தார்கள். அவர் அதை உடம்போடு இறுகச் சுற்றிக்கொண்டு விடவில்லையாம்.

ஏறக்குறைய ஓராண்டு குடும்பக் கோட்டையில் காவல். இந்த ஓராண்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அடித்தவர்களும் பூட்டியவர்களும் அயலார் அல்ல. அம்மா, அண்ணன், அக்கா தங்கைகள். அவர் கத்தவில்லை, சபிக்கவும் இல்லை. திருவிவிலியத்தை வாசித்தார், அக்காலத்து இறையியல் பாடநூலான பீட்டர் லொம்பார்டின் நூலைப் படித்தார். மனம் மாற்றும்படி அனுப்பப்பட்ட சகோதரியோடு உட்கார்ந்து பேசினார். பேசி முடித்தபோது மனம் மாறியவர் அந்தச் சகோதரிதான். பின்னாளில் அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தார்.

கடைசியில் 1245-இல் விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டுதான் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் பேரரசரின் பதவியைப் பறித்து ஆணையிட்டார். அரசியல் காற்று மாறியதும் விடுதலைக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தாயே கண்டும் காணாததுபோல இருக்க, கூடையில் உட்காரவைத்துச் சன்னல் வழியாக இறக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் அந்தத் தாயை நினைத்து அதை நம்ப விரும்புகிறேன்.

கொள்ளிக்கட்டையால் ஒரு பெண்ணைத் துரத்தினார் என்கிறார்களே?

சிறையிருந்தபோது அண்ணன்மார் ஒரு பெண்ணை அறைக்குள் அனுப்பினார்கள், தாமஸ் அடுப்பிலிருந்து எரியும் கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார், அவள் ஓடிவிட்டாள், அன்றிரவு கனவில் வானதூதர்கள் அவர் இடையில் தூய்மையின் கச்சையைக் கட்டினார்கள் என்பது அவருடைய முதல் வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தது. புனிதர்களின் வாழ்க்கைகளில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் அடிக்கடி வரும். பக்தியோடு வாசிக்கலாம்; இவருடைய புனிதத்துக்கு இதையே முதல் சான்றாக வைக்க நான் விரும்பமாட்டேன்.

'ஊமை எருது' என்ற பெயர் எப்படி வந்தது?

உடம்பு பெரியது, பேச்சோ குறைவு. உடன் படித்தவர்கள் வைத்த பெயர் அது. பாரிஸிலும் பின்பு 1248 முதல் ஜெர்மனியின் கொலோன் நகரிலும் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் பேராசான் ஆல்பர்ட். செடிகொடிகள், விலங்குகள், கனிமங்கள் என்று எதையும் விடாமல் ஆராய்ந்த மேதை, அவரும் சாமிநாதர் சபைத் துறவியே. ஒரு கடினமான வாதத்துக்குத் தாமஸ் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, "இவனை ஊமை எருது என்கிறீர்கள். இவன் எழுப்பும் முழக்கம் உலகமெல்லாம் கேட்கும்" என்று ஆல்பர்ட் சொன்னதாக வரலாறு. மாணவர் 1323-இலேயே புனிதர் ஆகிவிட்டார். ஆசிரியருக்கு அந்தப் பட்டம் 1931-இல்தான் கிடைத்தது.

எங்கெல்லாம் பணியாற்றினார்?

1252-இல் பாரிஸில் கற்பிக்கத் தொடங்கி 1256-இல் பேராசிரியர் ஆனார். பல்கலைக்கழகத்தின் பழைய ஆசிரியர்கள் கையேந்தும் துறவிகளைப் பேராசிரியர்களாக ஏற்க மறுத்துக் கலகம் செய்த காலம் அது. பிரான்சிஸ்கன் சபையின் புனித பொனவெந்தூரும் இவரும் 1257-இல் திருத்தந்தை வற்புறுத்திய பிறகே ஆசிரியர் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். 1259-இல் இத்தாலி திரும்பி ஒர்வியேத்தோவிலும் ரோமிலும் இருந்தார். 1268-இல் மறுபடி பாரிஸ், 1272-இல் நேப்பிள்ஸ். இந்தப் பயணங்களையெல்லாம் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து நடந்தே செய்ய வேண்டும், சபை ஒழுங்கு அப்படி. நேப்பிள்ஸ் பேராயர் பதவியைக் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கிறிஸ்தவத் துறவிக்கு அரிஸ்டாட்டில் எதற்கு?

அவர் காலத்திலேயே பலர் கோபத்தோடு கேட்ட கேள்வி இது. அரிஸ்டாட்டில் கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்கர். அவருடைய நூல்களில் பெரும்பகுதி 12, 13-ஆம் நூற்றாண்டுகளில்தான் மேற்கு ஐரோப்பாவுக்கு இலத்தீனில் வந்து சேர்ந்தது. பலவும் அரபு மொழி வழியாக, இஸ்லாமிய அறிஞர்களின் உரைகளோடு வந்தன. உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதிட்டவரை வகுப்பில் சொல்லித்தரலாமா என்று ஆயர்கள் அஞ்சினார்கள். பாரிஸில் பலமுறை தடைகூட விதித்தார்கள்.

தாமஸ் அஞ்சவில்லை. உண்மை யார் வாயிலிருந்து வந்தாலும் அது கடவுளிடமிருந்து வருவதே என்பது அவருடைய உறுதி. ஆகவே அரிஸ்டாட்டிலை 'மெய்யியலார்' என்றே மரியாதையாகக் குறிப்பிட்டார். அவருக்கு உரை எழுதிய இப்னு ருஷ்த் என்னும் இஸ்லாமிய அறிஞரை 'உரையாசிரியர்' என்று அழைத்தார். இப்னு சீனாவிடமிருந்தும், 'ரபி மோசே' என்று அவர் குறிப்பிடும் யூத ஞானி மைமோனிடஸிடமிருந்தும் எடுத்துக்கொண்டார். உடன்படாத இடத்தில் கடுமையாக மறுக்கவும் செய்தார். எல்லா மனிதருக்கும் சேர்த்து ஒரே அறிவுதான் உண்டு என்ற இப்னு ருஷ்தின் கருத்தை எதிர்த்து 1270-இல் தனி நூலே எழுதினார். சிலுவைப் போர்கள் நடந்துகொண்டிருந்த நூற்றாண்டு அது என்பதை மறக்கக் கூடாது. எதிர் முகாமின் அறிஞர் எழுதியதை வரிவரியாக வாசித்து, சரியானதைச் சரி என்றும் தவறானதைத் தவறு என்றும் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அவருடைய பெரிய நூல் எது? ஏன் அதை இவ்வளவு புகழ்கிறார்கள்?

'சும்மா தியோலொகியே', அதாவது இறையியல் தொகுப்பு. 'சும்மா' என்பது இலத்தீனில் தொகுப்பைக் குறிக்கும் சொல். 1265 அளவில் ரோமில் தொடங்கினார். முன்னுரையில் இது தொடக்கநிலை மாணவர்களுக்கானது என்று எழுதுகிறார். மூன்று பாகங்கள், 512 பெருங்கேள்விகள், அவற்றுக்குள் 2,600-க்கும் மேற்பட்ட சிறு பிரிவுகள். கடவுளில் தொடங்கி, படைப்பு, மனிதன், நற்பண்புகள், கிறிஸ்து, அருளடையாளங்கள் என்று போகிறது.

நான் வியப்பது அளவைக் கண்டு அல்ல. ஒவ்வொரு பிரிவும் கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் ஒரு கேள்வி. உடனே தன் பதிலைச் சொல்லமாட்டார். "அப்படி இல்லை என்றே தோன்றுகிறது, ஏனெனில்..." என்று தனக்கு எதிரான வாதங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்குவார். நம் தர்க்க மரபில் பூர்வபட்சம் என்போமே, அதுதான். அதன் பிறகு "இதற்கு மாறாக" என்று ஒரு மேற்கோள். அதற்குப் பிறகே "பதிலாகச் சொல்கிறேன்" என்று தன் கருத்து. கடைசியில், முதலில் சொன்ன எதிர்வாதங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை.

அந்த எதிர்வாதங்களை அவர் நீர்த்துப்போகச் செய்வதில்லை. எதிராளி தானே வந்து பேசியிருந்தால்கூட இவ்வளவு நன்றாகப் பேசியிருக்கமாட்டார் என்று தோன்றும் அளவுக்கு எடுத்துவைக்கிறார். சில இடங்களில் எதிர்வாதம் என்னை முழுதாக வென்றுவிட்டு, அதற்குப் பிறகு அவர் பதிலைப் படிக்கப் பயமாகவே இருந்திருக்கிறது. ஏறத்தாழ பத்தாயிரம் எதிர்வாதங்கள் அந்த நூலில் உண்டு. பத்தாயிரம் முறை, தனக்கு உடன்படாதவனின் இடத்தில் போய் உட்கார்ந்து, அவன் கண்ணால் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறார். இதை நான் அறிவுத்திறன் என்று மட்டும் எண்ணவில்லை. பிறரன்பு என்றுதான் சொல்வேன். இவரை ஏன் புனிதர் என்கிறோம் என்று யாராவது கேட்டால், அற்புதங்களுக்கு முன்னால் நான் காட்டுவது இதைத்தான்.

கடவுள் இருக்கிறார் என்று அவர் நிரூபித்துவிட்டாரா?

முதல் பாகத்தின் இரண்டாம் கேள்வி, மூன்றாம் பிரிவு. 'ஐந்து வழிகள்' என்று பெயர்பெற்ற பகுதி. உலகில் உள்ள அசைவு, காரணகாரியத் தொடர், இருந்தும் இல்லாமலும் போகக்கூடிய பொருள்களின் நிலையாமை, நன்மை உண்மை ஆகியவற்றின் படிநிலைகள், அறிவில்லாத பொருள்களும் ஓர் இலக்கை நோக்கிச் செல்லும் ஒழுங்கு ஆகிய ஐந்திலிருந்தும் கடவுளை நோக்கிப் போகிறார். அச்சில் இரண்டு பக்கம்கூட வராது. மெய்யியலார் இன்றுவரை அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் நான் சொல்வது வேறு. அந்தப் பிரிவில் கடவுள் இல்லை என்பதற்கு அவர் இரண்டே எதிர்வாதங்களைத் தருகிறார். கடவுள் எல்லையற்ற நன்மை என்றால் உலகில் தீமைக்கு இடமே இருக்கக் கூடாது, ஆனால் தீமை இருக்கிறது என்பது ஒன்று. இயற்கையையும் மனித அறிவையும் விருப்பத்தையும் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம், கடவுள் தேவையில்லை என்பது இன்னொன்று. இன்றைக்கு ஒரு நாத்திகர் மேடையேறினால் இவற்றை விட வலுவாக எதைச் சொல்லுவார்? எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி தன் கையால் அவற்றை முதல் வரிசையில் எழுதிவைத்துவிட்டார். கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்று பிள்ளையின் வாயை அடைக்கும் பெற்றோர் இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கைக்கு உதவும் எதையாவது எழுதினாரா?

நிறைய. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பசியால் சாகும் நிலையில் இருப்பவன் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்கிறார். வேறு வழியே இல்லாத, கண்கூடான தேவையில் ஒருவன் எடுத்துக்கொள்வது திருட்டு ஆகாது. இருப்பவரிடம் மிகுந்து கிடப்பது இயற்கைச் சட்டத்தின்படியே ஏழைக்குச் சேர வேண்டியது. கோட்டையில் பிறந்தவர் எழுதியது இது.

அடுத்தது சட்டம். பொதுநலனுக்காக, சமூகத்தின் பொறுப்பில் உள்ளவரால், அறிவின்படி வகுக்கப்பட்டு, மக்களுக்கு அறிவிக்கப்பட்ட ஒழுங்கே சட்டம் என்று இலக்கணம் தந்தார். நீதிக்குப் புறம்பான சட்டங்கள் சட்டம் என்பதை விட வன்செயல் என்பதற்கே நெருக்கமானவை என்றும் எழுதினார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங், 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்தத் துறவியைப் பெயர்சொல்லித் துணைக்கு அழைக்கிறார்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. துயரத்துக்கு என்ன மருந்து என்று ஐந்து பிரிவுகளில் ஆராய்கிறார். மகிழ்ச்சி தருபவை, கண்ணீர், நண்பர்களின் ஆறுதல், உண்மையைத் தியானித்தல் என்று நான்கைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகத் தூக்கமும் குளியலும் என்கிறார். உள்ளே அடைத்துவைத்த வேதனை கூடுதலாக வலிக்கும், அழுதால் அது வெளியே சிதறிக் குறையும் என்கிறார். நண்பர் வந்து உடன் வருந்தும்போது சுமையைப் பங்கிட்டுக்கொண்டது போல இருக்கும். அதற்கும் மேலாக, தன்மேல் அன்பு வைத்திருக்கிறார் என்று தெரிவதே துயரைத் தணிக்கும் என்கிறார். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டு வளர்த்த வீடுகளில் நான் இந்தப் பகுதியைச் சொல்வதுண்டு. இழவு வீட்டில் அழுது ஓய்ந்தவர்களை "போய்க் குளித்துவிட்டு, கொஞ்சம் கண்ணயருங்கள்" என்று நம் பாட்டிமார் அனுப்புவார்களே, அதே சொல்.

நாம் பாடும் பாடல்களில் அவர் எழுதியது உண்டா?

உண்டு, நம்மில் பலருக்கு மனப்பாடமாகவே தெரியும். நற்கருணை ஆசீரின்போது 'மாண்புயர்' என்று தொடங்கிப் பாடுகிறோமே, அதன் இலத்தீன் மூலம் இவருடையது. ஆறு பத்திகள் கொண்ட ஒரு பாடலின் கடைசி இரண்டு பத்திகள் அவை.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் துறவி ஜூலியானா, நற்கருணைக்கெனத் தனி விழா வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடிவந்தார். அந்த மறைமாவட்டத்தில் முன்பு பணியாற்றிய ஒருவர் நான்காம் உர்பான் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். 1264-இல் கிறிஸ்துவின் திருவுடல் விழாவைத் திருச்சபை முழுவதற்கும் நிறுவினார். அதற்குரிய மன்றாட்டுகளையும் பாடல்களையும் எழுதியவர், அப்போது ஒர்வியேத்தோவில் இருந்த தாமஸ் என்பதே மரபும் பெரும்பாலான அறிஞர்களின் கருத்தும். சின்ன வயதில் தூபப் புகைக்கு நடுவே முழங்காலிட்டு அதைப் பாடியபோது யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் பாடலின் ஒரு வரி கூடுதலாக நெருங்கிவந்தது: புலன்கள் தவறும் இடத்தில் விசுவாசம் துணைநிற்கட்டும் என்கிறது அது. வாதங்களிலேயே வாழ்ந்தவர் எழுதிய வரி.

ஆள் எப்படி இருப்பார்? குணம் எப்படி?

உயரம், பருத்த உடல், முன்தலை வழுக்கை. கையெழுத்து படிக்கவே முடியாது. அவர் கைப்பட எழுதிய ஏடுகள் சில இன்றும் இருக்கின்றன, வல்லுநர்களே திணறுகிறார்கள். அதனால் பெரும்பாலும் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு எழுத்தர்களுக்கு வெவ்வேறு பொருள்களைச் சொல்வாராம்.

யோசனையில் மூழ்கினால் சுற்றிலும் நடப்பது தெரியாது. ஒருமுறை பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி விருந்துக்கு அழைத்திருந்தார். எல்லோரும் உண்டுகொண்டிருக்க, திடீரென மேசையை ஓங்கி அடித்து, "மானிக்கேயருக்கு இதுதான் பதில்!" என்றார். நன்மை, தீமை என இரண்டு ஆதிசக்திகள் உண்டு என்போர் மானிக்கேயர். பக்கத்திலிருந்த மடத்தலைவர் பதறி அவருடைய மேலாடையைப் பிடித்து இழுத்து, மன்னரின் முன் இருக்கிறோம் என்று நினைவூட்டினார். மன்னரோ, அந்த வாதம் மறந்துபோவதற்குள் எழுதிக்கொள்ளும்படி தன் எழுத்தரை அனுப்பினார். அந்த மன்னரும் பின்னாளில் புனிதர்.

விவாதத்தில் யாரையும் இழிவாகப் பேசமாட்டார் என்று உடனிருந்தவர்கள், பின்னாளில் புனிதர் பட்டத்துக்காக நடந்த விசாரணையில் சாட்சி சொன்னார்கள். கடினமான இடத்தில் சிக்கிக்கொண்டால் நற்கருணைப் பேழையில் தலைசாய்த்து அழுவார் என்றும் சொல்லப்படுகிறது.

அவர் தவறாகச் சொன்னவை உண்டா?

உண்டு. அவரை நேசிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். தப்பறையில், அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறான கொள்கையில், பிடிவாதமாக நிற்பவர்களைத் திருச்சபை எச்சரித்துப் பார்த்த பிறகு அரசிடம் ஒப்படைத்து மரண தண்டனை தரலாம் என்று எழுதினார். அரிஸ்டாட்டிலின் உயிரியலைப் பின்பற்றி, பெண்ணின் பிறப்பை ஒரு குறைபாட்டின் விளைவு போல விளக்கினார். முதலாவதை எந்தத் திருச்சபை ஆசிரியரும் இன்று சொல்லமாட்டார். இரண்டாவதன் அடிப்படையான உயிரியலே பிழை. அன்னை மரியா பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவில் உருவானார் என்னும் அமலோற்பவம் 1854-இல் கோட்பாடாக அறிவிக்கப்பட்ட வடிவத்தில் அவர் ஏற்றதும் இல்லை.

பத்தாயிரம் எதிர்வாதங்களைக் கேட்ட மனிதருக்குத் தண்டிக்கப்பட்டவனின் குரலும் பெண்ணின் குரலும் முழுதாகக் கேட்காமல் போனது எனக்கு வருத்தம்தான்.

கடைசியில் எழுதுவதை ஏன் நிறுத்தினார்?

1273 டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் விழா. நேப்பிள்ஸில் காலைத் திருப்பலி நிறைவேற்றும்போது அவருக்கு ஏதோ நேர்ந்தது. அதன் பிறகு அவர் பேனாவைத் தொடவில்லை, எழுத்தர்களுக்குச் சொல்லவும் இல்லை. தொகுப்பின் மூன்றாம் பாகம் ஒப்புரவு அருளடையாளத்தின் நடுவே நிற்கிறது. நெடுநாள் தோழரான துறவி ரெஜினால்ட், இவ்வளவு பெரிய வேலையை இப்படி விடலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "என்னால் முடியாது. நான் கண்டவற்றோடு ஒப்பிட்டால் நான் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது" என்றார்.

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கலாம் என்கிறார்கள் சிலர். அளவுக்கு மீறிய உழைப்பால் உடல் ஒடிந்தது என்கிறார்கள் சிலர். கடவுளின் காட்சி என்கிறது மரபு. மூன்றும் ஒன்றையொன்று விலக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுதியதைப் பொய் என்று சொல்லவில்லை, வைக்கோல் என்றார். வைக்கோல் கதிரைத் தாங்கி நின்ற தாள்தானே.

எப்படி இறந்தார்?

திருத்தந்தை பத்தாம் கிரகோரி லியோன் நகரில் பொதுச்சங்கம் கூட்டி அவரையும் அழைத்திருந்தார். 1274 தொடக்கத்தில் புறப்பட்டார். வழியில் சாய்ந்திருந்த மரக்கிளை தலையில் இடித்தது என்கிறார்கள். உடல் தளர்ந்து, மயென்சா கோட்டையில் உடன்பிறந்தார் மகளான பிரான்செஸ்காவின் வீட்டில் தங்கினார். சாப்பாடு இறங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது, பிரான்சில் தின்ற ஹெர்ரிங் மீன் என்றார். அந்தப் பக்கத்துக் கடலில் அது கிடைக்காது. வாசலில் வந்த மீன்காரரின் கூடைகளில் சாளை மீன்தான் இருக்கிறது என்று அவரே சொல்ல, ஒரு கூடையைத் திறந்தால் ஹெர்ரிங்! புனிதர் பட்ட விசாரணையில் இதை அற்புதமாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மேதையைப் பற்றிய அற்புதங்களுள் ஒரு நோயாளியின் நாக்கு கேட்ட மீனும் இருப்பது எனக்கு மிகுந்த ஆறுதல்.

பிறகு அருகிலிருந்த ஃபொஸ்ஸனோவா மடத்துக்குக் கொண்டுபோனார்கள். அது சிஸ்டர்சியன் சபையின் மடம். குளிர்காலம், துறவிகள் காட்டிலிருந்து தாங்களே விறகு சுமந்துவந்து அவர் அறையைச் சூடாக வைத்தார்கள். தனக்குப் பிறர் விறகு சுமப்பதா என்று கலங்கினாராம். மார்ச் 7 அதிகாலை இறந்தார்.

உடனே புனிதர் ஆக்கினார்களா?

இல்லை. சரியாக மூன்றாம் நினைவுநாளில், 1277 மார்ச் 7 அன்று, பாரிஸ் ஆயர் எத்தியேன் தம்பியே 219 கூற்றுகளைக் கண்டித்தார். அவற்றுள் சில தாமஸின் கருத்துகளையும் தொட்டன. 1319-இல் நேப்பிள்ஸிலும் 1321-இல் ஃபொஸ்ஸனோவாவிலும் விசாரணைகள் நடந்தன. அவிஞ்ஞோன் நகரில் 1323 ஜூலை 18 அன்று திருத்தந்தை 22-ஆம் யோவான் புனிதராக அறிவித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் மறைமாவட்டமும் அவரைப் பொறுத்தவரை அந்தக் கண்டனத்தை விலக்கிக்கொண்டது.

விழா எந்த நாள்? யாருக்குப் பாதுகாவலர்?

ஜனவரி 28. இறந்த நாளான மார்ச் 7 பெரும்பாலும் தவக்காலத்தில் விழுவதால், அவருடைய திருப்பண்டங்கள் (உடலின் எச்சங்கள்) பிரான்சின் தூலூஸ் நகருக்கு வந்துசேர்ந்த நாளுக்கு (1369 ஜனவரி 28) விழாவை மாற்றிவிட்டார்கள். இன்றும் அவை அங்கே ஜாக்கோபின் ஆலயத்தில் உள்ளன. கத்தோலிக்கப் பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், மாணவர்கள் ஆகியோருக்குப் பாதுகாவலர். தேர்வுக்கு முன் அவரிடம் மன்றாடும் பிள்ளைகள் உண்டு.

அவரைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் பலரும் பத்தாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். துயரத்தின் மருந்துகளைப் பற்றிய பகுதியில் தொடங்குங்கள்: இரண்டாம் பாகத்தின் முதற்பிரிவில் 38-ஆம் கேள்வி. அதற்குப் பிறகு, கடவுள் இருக்கிறாரா என்று கேட்கும் முதல் பாகத்தின் 2-ஆம் கேள்வி. படிக்கும்போது எதிர்வாதங்கள் முடிந்ததும் நூலை மூடிவையுங்கள். ஒருநாள் முழுக்க அந்த எதிர்வாதங்களோடு இருங்கள். வீட்டில் ஒருவரிடம் அவற்றைச் சொல்லி அவர் என்ன பதில் தருகிறார் என்று கேளுங்கள். மறுநாள் திறந்து, தாமஸ் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.